தேயாத கட்டைவிரல்

அத்தியாயம் 18

மழையில் நனைந்த மக்காச்சோளம் இந்த ஜென்மத்தில் காயாது என்று ஊரே சொன்னதையும், பெரிய மருமகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மொட்டை மாடி, வாசல், மாட்டுக்கொட்டகைக் கூரை என்று கண்ட இடத்திலெல்லாம் பரப்பிக் கிளறிக்கொண்டே இருந்ததையும், கொழுந்தன் "கடை திறக்கணும்" என்று ஒரு நாள்கூடக் கிளறுகோலைத் தொடாமல் நழுவியதையும் போன வாரம் பார்த்தோம்.

காய்ந்துவிட்டது. அதுதான் இந்த வாரத்தின் முதல் செய்தி. பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைகிற காய்ச்சல்.

ஊரில் அவளுக்குச் 'சட்டம்' என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் அவளுக்கே மறந்திருக்கலாம். மீதிச் சில்லறை தராத பஸ் கண்டக்டர், வரிசையை மீறி வேண்டியவர்களுக்கு ஊசி போடுகிற நர்ஸ், பெஞ்சு வாங்க வசூல் கேட்ட தலைமையாசிரியர் என்று யாராக இருந்தாலும் அவள் கேட்பது ஒரே கேள்விதான். "அப்படின்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க."

இந்தக் கேள்வியால் பாதி ஊருக்கு அவளைப் பிடிக்கும். மீதிப் பாதி அவள் வருகிற தெருவைத் தவிர்த்துவிட்டுப் போகும். மாமியார் இரண்டாவது பாதியில் இருந்தார். ஒரே வீட்டில் இருந்ததால் தவிர்க்க வழியில்லை, அவ்வளவுதான்.

அன்று காலை சட்டம் தானே டிராக்டரை ஓட்டிக்கொண்டு கொள்முதல் மையத்துக்கு வந்து சேர்ந்தாள். கணவன் லாரி டிரைவர். எந்த ஊர் எல்லையில், எந்த டீக்கடை வாசலில் நிற்கிறானோ தெரியாது. போனிலேயே குடும்பம் நடத்துகிறவன்.

வெளிச் சந்தையில் இந்த வருஷம் சோளம் கேட்பாரற்றுக் கிடந்தது. விதை போட்ட காசுகூடத் தேறாது. விலை எவ்வளவு விழுகிறதோ அவ்வளவையும் அரசாங்கம் மானியமாகச் சேர்த்துக் கொடுக்கும் என்பதுதான் எல்லோருக்கும் இருந்த ஒரே தைரியம். ஆனால் அந்த மானியம் சும்மா வராது. சோளத்தை மையத்தில் எடை போட வேண்டும். எடை போட்டதும், பதிவு செய்த விரலை மிஷினில் வைக்க வேண்டும். நிலத்தின் அளவுக்கேற்ப ஒரு வரம்பு உண்டு. அதற்குமேல் ஒரு கிலோகூட ஏறாது.

மானியம் வந்தால் அடுத்த விதைப்பு உண்டு. வராவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அவளும் யார் தோட்டத்திலாவது கூலிக்கு நிற்க வேண்டியதுதான். இது அவளுக்குத் தெரியும். அதனால்தான் மழையோடு மல்லுக்கு நின்றாள்.

ஈரம் பார்க்கிற ஆள் நீளக் கம்பியைச் சுமைக்குள் செருகினான். எண்ணைப் பார்த்தான். கம்பியை உருவித் துடைத்து இன்னொரு மூலையில் செருகினான்.

"என்னக்கா, அடுப்புல போட்டு வறுத்தீங்களா?"

"வறுக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

பின்னால் நின்ற டிராக்டர்க்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கால் வலி, முதுகு வலி, மாமியாரின் முணுமுணுப்பு எல்லாம் அந்தச் சிரிப்பில் கரைந்துபோனது. வண்டியை எடை மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு, மையப் பொறுப்பாளரின் ஜன்னலுக்குப் போனாள்.

பொறுப்பாளர் கணினியைத் தட்டினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் தட்டினார்.

"நிலம் இருக்கு. பேரு இருக்கு. வரம்பு முடிஞ்சிருச்சேம்மா."

"என்ன முடிஞ்சிருச்சு?"

"உங்க நிலத்துச் சோளம் போன வாரமே வந்தாச்சு. எடை போட்டாச்சு, விரலும் வெச்சாச்சு. இன்னிக்குச் சாயங்காலம் மானியப் பட்டியல்ல போயிரும்."

"சார், போன வாரம் என் சோளம் மாடியில கெடந்துச்சு. அதுமேலதான் நான் நின்னுக்கிட்டிருந்தேன்."

"மிஷின் அப்படிச் சொல்லலையே."

"மிஷின் வந்து மாடியைப் பாத்துச்சா?"

"ரேகை சரியா விழுந்திருக்கும்மா. உங்க வீட்டுல பதிஞ்சது ஒரே விரல்தானே? அந்த விரல்தான்."

ஒரே விரல். அது யார் விரல் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பதிவு முகாம் நடந்தது போன பருவத்தில், மட்டை உரிக்கிற சமயத்தில். கதிரின் மேல்மட்டையைக் கட்டைவிரலால் கிழித்துத் திருகி உரிக்க வேண்டும். விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை அதே விரல், அதே திருகல். உரித்து முடிக்கும்போது கட்டைவிரல் புளி போட்டுத் தேய்த்த பாத்திரம் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். கோடு, சுழி ஒன்றும் மிஞ்சாது.

சட்டம் விரலை வைத்தாள். மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. மாமியார் வைத்தார், சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார், எண்ணெய் தடவி வைத்தார், அப்போதும் சிவப்பு. முகாம்காரர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. "வீட்ல வேற யாராச்சும் இருந்தா வைக்கச் சொல்லுங்க" என்றார்கள்.

அப்போதுதான் கொழுந்தன், வீட்டுக்குச் சின்னவன், கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தான். செல்போன் கடைக்காரன். கண்ணாடித் திரையைத் தவிர வேறெதையும் தேய்த்தறியாத கட்டைவிரல். வைத்தான். ஒரே தடவையில் பச்சை.

எல்லோரும் கைதட்டினார்கள். மாமியார் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு, "என் புள்ளை விரல் தங்கம்டா" என்றார். சட்டமும் சேர்ந்துதான் சிரித்தாள். ஊரில் வீட்டுக்கு வீடு இதுதான் நடந்தது. நிலத்தில் வேலை செய்கிற விரலெல்லாம் சிவப்பு, செய்யாத விரலெல்லாம் பச்சை. அன்றைக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது.

"என்ன சட்டம், எதுக்குத் தொண்டைத் தண்ணியை வத்த வைக்கிற?"

பின்னாலிருந்து குரல் வந்தது. தானிய வியாபாரி. வாங்குகிறவனிடமும் விற்கிறவனிடமும் கை நீட்டுவதால் ஊர் அவருக்கு வைத்த பேர் 'கமிஷன்'. வெளுத்த சட்டை, கையில் கார்ச் சாவி.

"சுமையைத் திருப்பிக் கொண்டுபோய் என்ன பண்ணப் போற? நானே எடுத்துக்கறேன். வெளி விலைக்கு. பழகின முகமாச்சேன்னு சொல்றேன்."

அந்தப் பழகின முகத்தைச் சட்டம் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். போன வாரம் தன் நிலத்துப் பேரில் வந்த சோளம் யாருடையது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏமாளிகளிடம் வெளி விலைக்கு வாங்க வேண்டியது, யார் வீட்டு விரலையாவது பிடித்து மையத்தில் ஏற்ற வேண்டியது, மானியத்தை வாயில் போட்டுக்கொள்ள வேண்டியது.

இன்னொன்றும் புரிந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே கமிஷன் கட்டிய புதுக் கடை வரிசையில், முன்பக்கக் கடை சின்னவனுக்குக் கிடைத்திருந்தது. எப்படிக் கிடைத்தது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் அவள்தான். அவளோ மாடியில் சோளம் கிளறிக்கொண்டிருந்தாள்.

"வாங்கி? இன்னொரு வீட்டு விரல் தேடிப் போவீங்களா?"

கமிஷன் சிரித்தார். "ஆத்திரப்படாதே. வண்டியை நகர்த்து. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க பாரு."

சட்டம் டிராக்டரில் ஏறினாள். நகர்த்தப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் சாவியைப் பிடுங்கி, மேலே போட்டிருந்த சட்டையின் பைக்குள் போட்டுப் பித்தானை மாட்டினாள்.

"நகராது" என்றாள்.

மையத்துக்கு இருப்பது ஒரே எடை மேடை. அதன்மேல் அவள் வண்டி. இனி யாருடைய சோளமும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

"என்னம்மா பண்ற?" பொறுப்பாளர் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டினார். "அரசாங்க வேலையைத் தடுக்கறே!"

"என் சோளத்தை எடை போடுங்க, எடுத்துடறேன். போடற வரைக்கும் இங்கேயேதான்."

வரிசை கொதித்தது. எல்லோரும் காலையிலிருந்து வெயிலில் காய்கிறவர்கள்.

"அக்கா, உங்க வீட்டுச் சண்டையை வீட்ல வெச்சுக்கங்க!"

"எனக்கு மாடு கன்னு போடற மாதிரி நிக்குது. சீக்கிரம் விடும்மா!"

சட்டம் டிராக்டரின் மட்கார்டில் ஏறி நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உங்க வீட்ல எல்லாம் யார் விரல் பதிஞ்சிருக்கு? அதை மட்டும் சொல்லுங்க. நகர்த்தறதா வேண்டாமான்னு அப்புறம் பாக்கலாம்."

கன்றுக்குட்டிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எங்க வீட்ல மருமகப்புள்ள. பேங்க்ல இருக்காரு."

"எங்க வீட்ல காலேஜ் படிக்கற பொண்ணு."

"எங்க மச்சான். தையல்கடை."

"அவங்களுக்குச் சோளம் எந்தப் பக்கம் முளைக்கும்னு தெரியுமா?" என்றாள் சட்டம். "என் கொழுந்தன் விரலை வெச்சு என் வரம்பைத் தூக்கிட்டாங்க. உங்க வீட்டு விரல் போன வாரம் எங்க போயிட்டு வந்துச்சுன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

வரிசையில் இரண்டு மூன்று பேர் அவசரமாகப் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மருமகப்பிள்ளைகளுக்கும் மச்சான்களுக்கும் அன்றைக்குக் காது சிவந்திருக்கும். கமிஷன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சட்டமும் போனை எடுத்தாள்.

"தம்பி, மையத்துக்கு வா. மறக்காம உன் விரலோட வா."

அவன் வருவதற்குள் கணவன் கூப்பிட்டுவிட்டான். செய்தி லாரியைவிட வேகமாக ஓடியிருந்தது.

"என்ன பண்ணிக்கிட்டிருக்க நீ? நடுவுல வண்டியைப் போட்டு மறிச்சிருக்கியாமே!"

"ஆமா."

"விட்டுத் தொலை. கமிஷன் கேக்கற விலைக்குக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போ. அவன் என் தம்பி."

"அவர் உங்க தம்பி. இது என் சோளம்."

"ஊரெல்லாம் சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். மழையில நான் ஓடினப்பவும் சிரிச்சாங்க" என்று போனை வைத்துவிட்டாள். வைத்த கையோடு அவன் தன் அம்மாவைக் கூப்பிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். கூப்பிடட்டும்.

சின்னவன் பைக்கில் வந்து இறங்கினான். இஸ்திரி கலையாத சட்டை. கூட்டத்தைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது.

"அண்ணி, என்ன இது? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். போன வாரம் விரல் வெச்சது நீதானே?"

"மெதுவாப் பேசுங்க அண்ணி. நனைஞ்ச சோளம் காயாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. வரம்பு சும்மா வீணாப் போகுதேன்னுதான்..."

"காயாதுன்னு யார் சொன்னா என்ன? மாடிக்கு ஏறி வந்து ஒரு மணியை எடுத்துக் கடிச்சுப் பாத்திருக்கலாம்ல? படி ஏறினா கால் தேஞ்சு போயிருமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எத்தனை வருஷம் அண்ணி சந்துக்குள்ள உக்காந்து ஈ ஓட்டறது? ரோட்டைப் பார்த்த கடை. கேட்டது ஒரு விரல்தானே. பணம் என் கணக்குக்கு வந்ததும் அவர்கிட்ட மாத்தி விட்டுடணும், அவ்வளவுதான்னாரு. நானும் முன்னுக்கு வர வேணாமா?"

அவளுக்குச் சட்டென்று பாவமாகத்தான் இருந்தது. அவள் மருமகளாக வந்தபோது இவன் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு, "அண்ணி, கணக்கு சொல்லித் தாங்க" என்று பின்னாலேயே திரிந்தவன். பாவப்பட்டதற்கும் சேர்த்துக் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

"முன்னுக்கு வா. என் முதுகுல ஏறி வராதே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "சார், விரல் வெச்சவரே சொல்லிட்டாரு. இப்ப எடை போடுவீங்களா?"

பொறுப்பாளர் கமிஷனைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். வரிசையில் தலைகள் அதிகம்.

"அவர் சொன்னாப் பத்தாது. நிலத்துச் சொந்தக்காரங்க நேர்ல வந்து விரல் வெச்சுச் சொன்னா, பழைய பதிவை நிறுத்தி வைக்கலாம். ஆனா பட்டியல் போறதுக்குள்ள வரணும்."

கமிஷன் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தம்மா விரல்ல ரேகை ஏது? வெச்சா சிவப்புதான் எரியும். அதுவுமில்லாம, கடைக்குட்டியைக் காட்டிக் கொடுக்கவா வரப்போறாங்க?"

அது உண்மை. அதுதான் சட்டத்துக்குச் சுருக்கென்றது. நிலம் மாமியார் பேரில். மாமியாருக்கோ சின்னவன் என்றால் உயிர்.

பால் கேன் ஏற்றுகிற வேன் ஒன்று வாசலில் நின்றது. முன்சீட்டிலிருந்து மாமியார் இறங்கினார். பெரியவன் போனில் என்ன சொன்னானோ, மூச்சு வாங்க நடந்து வந்தார். கூட்டம் தானாக வழிவிட்டது.

"இறங்கு" என்றார் மருமகளைப் பார்த்து. "நாலு பேர் போற வழியை மறிச்சுக்கிட்டு என்ன நிலை இது?"

"இறங்க மாட்டேன் அத்தை. முதல்ல தம்பியை ஒரு வார்த்தை கேளுங்க."

மாமியார் மகனிடம் திரும்பினார்.

"விரல் வெச்சியா?"

"வீட்ல போய்ப் பேசிக்கலாம்மா."

"வீட்லதான் நீ வாயே தொறக்கலையே. இங்கயே சொல்லு. வெச்சியா?"

"வெச்சேன்."

மாமியார் டிரெய்லர் பக்கம் போய், தார்ப்பாயின் ஓரத்தை விலக்கி, ஒரு மணியை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்தார். டக்.

"நல்ல காய்ச்சல்" என்றார். பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்து, "நீ ஒருத்தியே காய வெச்சேன்னு நெனச்சுக்கிட்டியா?" என்று கேட்டார்.

"என்ன அத்தை?"

"மத்தியானத்துல நீ அசந்து தூங்குவியே, அப்ப யார் கிளறினா? பூனையா? மொட்டை மாடிச் சூட்டுல என் காலும்தான் வெந்துச்சு."

காயாது, காயாது என்று விடிந்ததிலிருந்து முணுமுணுத்த வாய், யாரும் பார்க்காதபோது மாடியேறிக் கிளறியிருக்கிறது! எப்போது எழுந்து போனாலும் சோளம் புரட்டிவிட்டாற்போல் இருந்ததே, காற்று என்றல்லவா நினைத்தாள்.

மாமியார் ஜன்னலுக்குப் போனார். "நான்தான் நிலத்துக்காரி. விரலை எங்க வைக்கணும்?"

வைத்தார். சிவப்பு. சேலையில் அழுத்தித் துடைத்துவிட்டு மற்றக் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு.

"நான்தான் சொன்னேனே" என்றார் கமிஷன்.

பொறுப்பாளர் கையை விரித்தார். "நான் என்னம்மா பண்றது? ரேகை விழலையே. வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

சட்டம் மட்கார்டிலிருந்து குதித்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜன்னலுக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், கட்டைவிரலைத்தான் வைக்கணும்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க."

பொறுப்பாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மிஷினைத் திருப்பிப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் பார்த்தார். மறுபடி மிஷினைப் பார்த்தார்.

"எழுதல" என்றார். "எந்த விரலும் வைக்கலாம். பத்து விரல் ரேகையும் அடையாள அட்டையில இருக்கு."

"அப்ப முகாம்ல ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா. நீங்களாத்தானே எல்லாரும் கட்டைவிரலை நீட்டினீங்க."

வரிசை மொத்தமும் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டது. மனுஷன் சொன்னதில் பொய்யில்லை. கையெழுத்துக்குப் பதில் விரல் என்றால் கட்டைவிரல்தான் என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறியிருந்தது. மிச்ச விரல்கள் பக்கத்திலேயே இருந்தும், ஊரில் ஒருத்தருக்கும் அவற்றை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. சட்டத்துக்கே தோன்றவில்லை. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"அத்தை, சுண்டுவிரலை வையுங்க. மட்டை உரிக்கறதுல அதுக்கு வேலையே கிடையாது."

மாமியார் இடது கையின் சுண்டுவிரலை நீட்டிப் பார்த்தார். இத்தனை வருஷமாக ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த விரல். கண்ணாடிமேல் வைத்தார்.

பச்சை.

வரிசையில் கிளம்பிய சத்தத்தில் பால் வேன்காரன்கூட என்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். கன்றுக்குட்டிக்காரர், "போச்சுடா, நம்ம வீட்டம்மாவைக் கூப்பிடணுமே" என்று போனைத் தேடினார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் பொறுப்பாளர். குரலை இறக்கிக்கொண்டார். "அம்மா, நல்லாக் கேட்டுக்கங்க. போன வாரம் வந்த சோளம் உங்க நிலத்துது இல்லன்னு நீங்க சொன்னா, அந்தப் பதிவு நிக்கும். இந்தச் சுமை ஏறும். ஆனா பொய்யா விரல் வெச்சவர்மேல புகார் போகும். நான் போடறது இல்ல, தானாப் போயிரும். விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

வரிசை ஜன்னலை நெருங்கி வந்து காது கொடுத்தது.

இப்படி ஒன்று இருக்கும் என்று சட்டம் நினைக்கவில்லை. அவளுக்கு வேண்டியது சோளம் ஏறுவது. கொழுந்தன் விசாரணைக்குப் போய் நிற்பதை அவள் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சோளத்தை விட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் கூலிக்கு நிற்கவும் அவளால் முடியாது.

"அத்தை" என்றாள். "நான் வண்டியை எடுக்க மாட்டேன். ஆனா இதைச் சொல்லுங்கன்னு உங்களை நான் கேக்கவும் மாட்டேன்."

போன் அடித்தது. கணவன். அவள் எடுப்பதற்குள் மாமியார் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"என்னடா? ஆமா, இங்கதான் நிக்கறேன். தம்பி பாவமா? சரி. மாடியில நாங்க ரெண்டு பேரும் வெந்தப்ப எங்களை யாராச்சும் பாவம்னீங்களா? ரோட்டைப் பார்த்து ஓட்டு, வை."

போனை மருமகளிடம் நீட்டினார். ஜன்னலுக்குத் திரும்பினார்.

"அந்தச் சோளம் என் நிலத்துது இல்ல. எழுதிக்குங்க."

"அம்மா!" சின்னவன் கத்திவிட்டான். "நீ என்னைப் பெத்தவதானே?"

"பெத்ததாலதான் நானே சொல்றேன். உன்னைச் சொல்ல வேற எவனுக்கும் உரிமை கிடையாது."

பொறுப்பாளர் தட்டினார். எடை விழுந்தது. சுண்டுவிரல் இன்னொரு தடவை ஏறி இறங்கியது, பச்சை. ரசீது வெளியே வந்தது. சட்டம் அதை வாங்கி, சாவி இருந்த பைக்குள்ளேயே மடித்து வைத்தாள். கண் கலங்கியது. யாராவது கேட்டால் சோளத் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை.

மேடையை விட்டு வண்டியை இறக்கி, கிடங்கு வாசலில் நிறுத்தி, சாவியை மறுபடியும் பைக்குள் போட்டுப் பித்தானை மாட்டிக்கொண்டு, சுமையைக் கொட்டினாள். இருவர் கேட்காமலே வந்து கை கொடுத்தார்கள். காலையில் அவளைத் திட்டியவர்கள்தான்.

திரும்பிப் பார்த்தபோது கமிஷனின் கார்க் கதவு திறந்திருந்தது. பக்கத்தில் சின்னவன்.

"ஏறுடா" என்றார் கமிஷன், எல்லோர் காதிலும் விழும்படியாக. "விசாரணையில என்ன சொல்லணும், யாரைக் கை காட்டணும்னு நான் சொல்லித் தரேன். உன் அண்ணிதான் வெக்கச் சொன்னான்னு சொன்னா என்ன பண்ணுவாங்க?"

சின்னவன் அம்மாவைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். அவள், "தம்பி, வேண்டாம், வா" என்று ஒரு எட்டு எடுத்து வைத்தாள். அவன் பைக்கை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

மாமியார் அது போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அழுவார் என்று சட்டம் நினைத்தாள். அவர் வந்து டிராக்டரின் மட்கார்டில் கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த டிராக்டரில் அவர் ஏறியதே இல்லை.

"வண்டியை எடு."

"வீட்டுக்கா அத்தை?"

"வீட்டுக்கு என்ன அவசரம்? பஸ் நிலையத்துக்கு."

"கார் வேகத்துக்கு இது போகாது அத்தை."

"போக வேணாம். அந்தக் கார் எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும். புதுக் கடை வாசல்லதான் உக்காத்தி வெச்சு ஓதுவான்." அவர் மட்கார்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கடைக்கு முன்னாடி இதைக் குறுக்கால நிறுத்தத் தெரியும்ல உனக்கு?"

சட்டம் பித்தானைக் கழற்றிச் சாவியை எடுத்தாள்.

"காலையிலேருந்து அதைத்தானே அத்தை பண்ணிக்கிட்டிருக்கேன்."